மூன்று கரைக்கும் ஒரு ஜோடிக் கால்

இரண்டு கால்களையும் கணுக்கால் வரை மணலில் புதைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருக்கும். கைகள் பின்னால் கோத்திருக்கும். முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் ஒரே பந்துக்காக ஓடிக்கொண்டிருப்பார்கள். மூன்று நாட்டு மக்கள் மூன்று பக்கமிருந்தும் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் திரும்பமாட்டார். ஒருமுறை பந்தே வந்து அவர் முதுகில் மோதியது. "எவன்டா அது?" என்று மட்டும் கேட்டார். பந்து எந்தப் பக்கம் உருண்டது என்றுகூடப் பார்க்கவில்லை.

தொழிலால் அவர் பயணிகள் படகின் என்ஜின்காரர். கரையில் எல்லோரும் அவரைத் தண்ணிக்காரர் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு அவர் வாயருகே வந்து முகர்ந்து பார்ப்பதுண்டு. அவர் தேநீரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்லக்கூடியவர் என்பதால் வந்த பெயர் அது.

படகின் அடித்தளத்தில் என்ஜின் அறை இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். எண்ணெய் வாடையும் சூடும் எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த அறைக்குள் அவர் வெறுங்காலோடுதான் இறங்குவார். செருப்பைப் படிக்கட்டின் மேலேயே விட்டுவிடுவார். இரும்புத் தரையில் உள்ளங்காலை வைத்தால் போதும், எந்த உருளை தேய்கிறது, எந்த மரை தளர்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். "காதுல கேக்கற நேரத்துக்கு என்ஜின் பாதி செத்துப்போயிருக்கும். காலுக்குத்தான் முதல்ல தெரியும்" என்பார். மற்ற என்ஜின்காரர்கள் சிரிப்பார்கள். அவரவர் படகு நடு ஆற்றில் நின்றுபோகும்போது அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டு ஆறுகள் கூடிக் கடலில் சேருகிற இடம் அது. ஆகவே கரைகள் மூன்று. கரைக்கு ஒரு நாடு. அவர் குடியிருப்பது இக்கரை. எதிரே தெரிவது அக்கரை. மேடாக, பாரந்தூக்கிகளோடு நிற்பது மேட்டுக்கரை. நடுவில், நீர் வற்றும் நேரத்தில் மட்டும் ஒரு மணல்திட்டு முதுகைக் காட்டும். கொஞ்ச நேரம் வெயில் காயும். பிறகு ஆறு அதை விழுங்கிவிடும். மூன்று நாட்டு வரைபடத்திலும் அந்தத் திட்டு இல்லை. பாதி நாள் இல்லாத இடத்துக்கு யார் போய் வேலி போடுவார்கள்?

அந்தத் திட்டில்தான் மூன்று கரைகளுக்குமான கால்பந்துப் போட்டி நடக்கிறது. அது தொடங்கிய கதையை யாராவது கேட்டால் என்ஜின்காரர், "அது யாரும் தொடங்கல. மாட்டிக்கிட்டோம்" என்பார்.

உண்மையில் மாட்டிக்கொண்டதுதான். பல வருடங்களுக்கு முன், இக்கரைப் படகும் அக்கரைப் படகும் ஒன்றுக்கு ஒன்று வழிவிடாமல் வந்து, இரண்டுமே திட்டில் தரைதட்டின. தண்ணீர் திரும்பி வரும்வரை யாராலும் எதுவும் செய்ய முடியாது. யார்மேல் தப்பு என்று பயணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஏசிக்கொண்டார்கள். கைகலப்பு வரப்போகிற நேரத்தில், கடைக்குச் சரக்கு கொண்டுபோன ஒருவரின் மூட்டையிலிருந்து ஒரு பந்து உருண்டு விழுந்தது. அதை யாரோ உதைத்தார்கள். யாரோ திருப்பி உதைத்தார்கள். ஏச்சு ஆட்டமாக மாறியது. இரண்டு படகையும் இழுத்துவிட மேட்டுக்கரையிலிருந்து ஒரு மணல்படகு வந்தது. அதுவும் தரைதட்டியது. "ரெண்டு பேர் ஆடினா அது சண்டை. மூணாவது ஆள் வந்தாத்தான் போட்டி" என்று அக்கரைப் படகோட்டி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அன்று விளையாட்டு மும்முரத்தில் தண்ணீரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்ஜின்காரர் மட்டும் வழக்கம்போல வெறுங்காலோடு ஓரமாக நின்றிருந்தார். வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த மணல் திடீரென்று அடியில் குளிர்ந்தது. கட்டியாக இருந்த மணல் பிடி தளர்ந்து, காலுக்கடியில் கூழாக அசைந்தது. மேலே பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. "படகுக்கு ஓடுங்க" என்று கத்தினார். ஓடினார்கள். கடைசி ஆள் ஏறும்போது, ஆட்டம் நடந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவு நின்றது.

அந்தத் திட்டில் தண்ணீர் ஓரத்திலிருந்து அலையாக வருவதில்லை. அடியிலிருந்து ஊறி வரும். கம்பு நட்டு அடையாளம் வைத்தால், கம்பு நனைகிற நேரத்துக்குத் தப்பிக்க நேரம் இருக்காது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரியவேண்டும். அடுத்த வருடம் மூன்று கரைக்காரர்களும் வேண்டுமென்றே அந்தத் திட்டுக்குப் பந்தோடு வந்தபோது, அவர் கால்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தாழ்ந்த மூலையில் அவர் காலைப் புதைத்து நிற்பார். அடிமணல் குளிர்ந்ததும் வலது கையைத் தூக்குவார். நடுவர் ஊதுவார். பந்து கோலுக்குள் பாதி போயிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் எத்தனைக்கு எத்தனையோ, அதுதான் முடிவு. மூன்று நாட்டு அதிகாரிகளும் இதைக் கண்டும் காணாமல் இருக்கச் சம்மதித்தது அந்தக் கையை நம்பித்தான்.

முதுகைக் காட்டி நிற்கும் வழக்கம் முதலில் இல்லை. அதற்குக் காரணம் அவர் மனைவி. அவள் பிறந்தது அக்கரை. அக்கரைப் படகோட்டி அவளுடைய உடன்பிறந்த அண்ணன். அந்த அணியைத் திரட்டி வருகிறவரும் அவர்தான். ஒரு வருடம் அக்கரை ஒரு கோல் முன்னால் நிற்கும்போது கை தூக்கவேண்டி வந்தது. "மச்சானுக்கு மொய் வெச்சிட்டாருடா" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து திரும்பி நின்றுகொண்டார். யார் முன்னால், யார் பின்னால் என்று தெரிந்தால்தானே பாரபட்சம் வரும். காரணம் கேட்டவர்களிடம் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "ஜெயிக்கிறவன் கால் சீக்கிரம் குளிரும். தோக்கிறவன் கால் குளிரவே குளிராது."

இப்படியாக, அந்தப் போட்டி பிறந்ததிலிருந்து கூடவே இருந்த மனிதர் அதன் பிறகு அதில் ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மனைவி சொல்லித்தான் தெரிந்துகொள்வார். கயிற்றுக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு அது. மனைவி மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற பகுதியில் வேலை செய்கிறாள். ஆட்ட நாளில் மருந்துப் பெட்டியோடு திட்டுக்கு வந்து உட்காருவாள். அவள் ஆட்டம் சொல்கிற விதம் தனி. "உங்க ஆளுங்க ரெண்டு, எங்க ஆளுங்க ரெண்டு. முட்டி கிழிஞ்சது நாலு. மூக்கு ஒண்ணு. மூக்கு, வேடிக்கை பாக்க வந்த மேட்டுக்கரை ஆளு." அவருக்கு அது போதும். மறுநாள் என்ஜின் அறையில் அதையே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் வேறு மாதிரி. பத்திரிகை, புத்தகம் என்று எது கிடைத்தாலும் விடமாட்டார். படகு நிற்கிற நேரத்தில் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, உலகக் கோப்பை பிறந்த கதையை எடுத்து விடுவார். முதல் உலகக் கோப்பைக்கு ஐரோப்பாவிலிருந்து போன ஆட்டக்காரர்கள் கப்பலில் ஏறக்குறைய இரண்டு வாரம் போனார்களாம். கப்பலின் மேல்தளத்திலேயே ஓடிப் பழகினார்களாம். இறுதி ஆட்டத்தில் யாருடைய பந்தில் ஆடுவது என்று சண்டை வந்து, முதல் பாதிக்கு ஒருவர் பந்து, மறு பாதிக்கு மற்றவர் பந்து என்று ஆடினார்களாம்.

"பாத்தீங்களா மாப்ளே, உலகத்துக்கே வந்த சண்டைதான் நமக்கும் வந்துச்சு" என்பார் அண்ணன். பாதிக்கு ஒருவர் பந்து என்ற அந்தப் பழக்கத்தை மூன்று கரைகளுக்கும் கொண்டுவந்ததும் அவரே.

என்ஜின்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்பார். "அந்தக் கப்பல்ல கீழே என்ஜின் ரூம்ல இருந்தவன் பேர் போட்டிருக்கா மச்சான்?"

"அதெல்லாம் எவன் எழுதுவான்?"

"சரிதான். ஆனா அவன் இல்லாம ஒருத்தனும் போயிருக்க முடியாது." சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடிப்பார். அதில் குறையோ வருத்தமோ இருக்காது. மரை ஒன்று சரியாகப் பொருந்திவிட்டதைப் போலச் சொல்வார்.

சர்க்கரை நோய் அவருக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. மாத்திரை போடுவார், மறப்பார், மறுபடி போடுவார். இந்த வருடம் மழைக்கு முன்னால், என்ஜின் அறையில் இறங்கியவருக்கு இரும்புத் தரை பஞ்சு மாதிரி இருந்தது. எண்ணெய் கசிந்திருக்கும் என்று நினைத்துத் துடைத்தார். மறுநாளும் பஞ்சு. ஒருநாள் புகைக்குழாயிலிருந்து கழன்று விழுந்த மரையின்மேல் வலது காலை வைத்திருக்கிறார். தோல் கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் குனிந்து பார்த்தார். கொப்புளம் எழும்பியிருந்தது. வலி மட்டும் வரவேயில்லை. வலிக்காதது அவரைப் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு என்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கத் தொடங்கினார். கை ஓரளவு சொல்லியது. யாரும் கவனிக்கவில்லை. போட்டி நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

முதல் ஆட்டம் அக்கரைக்கும் மேட்டுக்கரைக்கும்; ஜெயிக்கிறவர்கள் இக்கரையோடு இறுதி ஆட்டம் ஆடவேண்டும். காலைப் புதைத்து நின்றார். அடியில் மணல் சுடுகிறதா, குளிர்கிறதா, இருக்கிறதா என்றே தெரியவில்லை. தன் கால்கள் யாருடைய கால்களோ போல இருந்தன. கண்ணை நம்புவதைத் தவிர வழியில்லை. தூரத்தில் நீரோரமாகச் சின்னப் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் ஏறினால் அவை பின்வாங்கும் என்று அவருக்குத் தெரியும். அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் பிள்ளைகளின் சிரிப்புக் கேட்டது. கிழவர்களும் பிள்ளைகளுமாக எத்தனை பேர் அந்தத் திட்டில் நிற்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பறவைகள் எதற்கோ பயந்து ஒருசேர எழும்பின. அவர் கையைத் தூக்கிவிட்டார்.

அந்த நேரத்தில் மேட்டுக்கரைக்குப் பெனால்டி கிடைத்திருந்தது. ஒரு கோல் பின்னால் நின்றவர்கள் சமன் செய்ய, பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டார்கள். உதைக்க ஓடி வந்த அவர்கள் தலைவன் விசில் கேட்டு அப்படியே நின்றான். பாரந்தூக்கி ஓட்டுகிறவன் அவன். கிரேன் என்றே அவனுக்குப் பெயர். நெடுநெடுவென்ற ஆள். பந்தைப் பார்த்தான். திரும்பி, சுருட்டிய கால்சட்டையோடு நிற்கிற முதுகைப் பார்த்தான். எல்லோரும் படகில் ஏறினார்கள். ஏறி வெகுநேரம் கழித்தும் திட்டு காய்ந்தே கிடந்தது. படகிலிருந்து எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அன்று மாலை படகுத்துறையில் கிரேன் உரக்கவே சொன்னான். "இதுவரைக்கும் முதுகுலதான் கண்ணு இல்லைன்னு நெனச்சோம். பொண்டாட்டி ஊருன்னா முதுகுலயும் கண்ணு முளைக்கும் போல."

என்ஜின்காரர் கேட்டுக்கொண்டு போனார். அண்ணன்தான் சட்டையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போனார். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொன்னால் பல் இருக்காது என்றார். அவர் வாயால் அது இன்னும் மோசமாயிற்று; மச்சானே வக்காலத்து வாங்க வந்துவிட்டான் என்றார்கள்.

அவருக்கு இரண்டு வழி இருந்தது. காலில் உணர்ச்சி இல்லை என்று சொல்லலாம். பழி போய்விடும். ஆனால் மூன்று கரையும் ஒப்புக்கொண்டு நம்பும் ஆள் வேறு யாரும் இல்லை. யார் நிற்பது என்ற சண்டை அதிகாரிகள் காதுக்குப் போகும். தரையில் ஆடுங்கள் என்பார்கள். அதோடு முடிந்தது. சொல்லாமல் இருந்தால் போட்டி நடக்கும், பழியோடு. ஆனால் பறவைகள் எப்போதும் முன்கூட்டியே எழும்பும் என்று என்ன உறுதி? ஒரு நாள் அவை எழும்பத் தவறினால்?

கொப்புளம் புண்ணாகிவிட்டது. வாழ்நாளில் காலுறை போடாத மனிதர் ஒருநாள் காலுறையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மனைவி பரிமாறிவிட்டு எழுந்து போனாள். வெந்நீர் நிறைந்த பாத்திரத்தோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். காலுறையைக் கழற்றினாள். பார்த்தாள்.

"எத்தனை நாளாச்சு?"

"போன வாரம்தான்."

"புண்ணைக் கேக்கல. கால் மரத்து எத்தனை நாளாச்சு?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழைக்கு முன்னாடி."

பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அன்னைக்கு மணல் குளிர்ந்துச்சா இல்லையா?"

"தெரியாது. தெரியாமத்தான் தூக்கிட்டேன்."

அவர் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். தரைக்குப் போனால் என்ன ஆகும் என்று. "தரைன்னா அது யாரோட தரை? ஒருத்தன் வீட்டுக்காரன், மத்த ரெண்டு பேர் விருந்தாளி. எந்தக் கொடி உசரம், எவன் எங்க நிக்கணும், யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை. அந்தத் திட்டுல யாரும் விருந்தாளி இல்லை. அதனாலதான் இத்தனை வருஷம் ஓடிச்சு."

"அதுக்காக? பிள்ளைகுட்டிங்களை மணல்ல நிக்க வெச்சிட்டு நீங்க குருவியைப் பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பறவைகளைப் பற்றி அவர் சொல்லியிருக்கவில்லை.

"எல்லாரும் பந்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன். தலையைக் கீழ போட்டுக்கிட்டு நிக்கிற மனுஷன் அன்னைக்குத் தண்ணியோரத்துக் குருவிங்களையே பாத்துக்கிட்டு இருந்தீங்க." கட்டுத்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "ஊர்ல இருக்கிறவன் புண்ணுக்கெல்லாம் கட்டுப் போடுறேன். என் வீட்டுப் புண்ணு சாக்ஸுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. இதை வெளியில சொன்னா எனக்குத்தாங்க வெக்கம்." அன்று அவர் சோறு தட்டிலேயே ஆறிப்போனது.

இறுதி ஆட்டம் இக்கரைக்கும் அக்கரைக்கும். தண்ணீர் வற்றி, திட்டு மேலெழும்பி, மூன்று கரைப் படகுகளும் வந்து சேர்ந்தன. காசு சுண்டும் நேரத்தில் என்ஜின்காரர் மூலைக்குப் போகாமல் நடு மைதானத்துக்கு வந்தார். காலில் கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. பேசிப் பழக்கமில்லாத மனிதர். சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ரெண்டு கால்லயும் உணர்ச்சி போயிடுச்சு. போன ஆட்டத்துல மணல் குளிரல. குளிர்ந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. பயந்துபோய்க் கையைத் தூக்கிட்டேன்." கிரேனைத் தேடிக் கண்டுபிடித்து அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பெனால்டி உங்களோடது. நான்தான் கெடுத்தேன். வேற யாரும் இல்லை."

ஓரத்தில் படகுக் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. கிரேன் தலையைச் சொறிந்தான். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருக்கமாட்டேனே பெரியவரே" என்றான். அவனுடைய நெட்டை உருவம் கொஞ்சம் குறுகினாற்போல இருந்தது.

பிறகு அவர் பயந்தது நடந்தது. யார் நிற்பது? மேட்டுக்கரைதான் இன்று ஆடவில்லை, அவர்களில் ஒருவர் நிற்கட்டும் என்றார்கள் இக்கரையார். எங்கள்மேல் வஞ்சம் வைத்திருக்கிறவர்கள் நிற்பதா என்று அக்கரை துள்ளியது. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவர் நிற்கலாம் என்றது ஒரு குரல். அப்படியானால் ஜெயிக்கிறவன் கால்தான் முதலில் குளிரும் என்று அவருடைய வாக்கியத்தையே எடுத்து வீசினார்கள். ஆட்டத்தையே விட்டுவிட்டுத் திரும்பலாம் என்று சிலர் படகைப் பார்த்து நடக்கவும் தொடங்கினார்கள். என்ஜின்காரர் பொத்தானைப் பிடித்தபடியே நின்றார். பல வருடம் பிடித்து நிறுத்தியது கண் முன்னால் அவிழ்ந்துகொண்டிருந்தது.

கிரேன்தான் சொன்னான். "அந்த அக்கா நிக்கட்டும்."

எல்லோரும் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கே நியாயம்" என்று ஒருவன் சிரித்தான். "ஒரு பக்கம் புருஷன் ஊரு, ஒரு பக்கம் அண்ணன் டீமு."

"அதான்டா சொல்றேன். ஒண்ணு பொறந்த வீடு, ஒண்ணு புகுந்த வீடு. எவன் ஜெயிச்சாலும் அந்தம்மாவுக்கு ஒரு வீட்ல மூஞ்சி காட்ட முடியாது. அவங்களைவிட நடுவுல நிக்க யாருக்குத் தெரியும்?"

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு யோசித்தது. பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் பலர் தலையாட்டினார்கள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குச் சம்மதம் என்றார். இக்கரைத் தலைவனும் சரி என்றான்.

என்ஜின்காரர் அவள் அருகே போனார். "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"நாள் முழுக்க நெத்தியைத் தொட்டு ஜுரம் பாக்கறேன். சூடு தெரிஞ்சவளுக்குக் குளிர் தெரியாதா?" என்றாள். செருப்பைக் கழற்றி மருந்துப் பெட்டியின்மேல் வைத்தாள். புடவையைக் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொண்டு தாழ்ந்த மூலைக்கு நடந்தாள். கால்களைப் புதைத்தாள். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எங்கே நிற்பது என்று தெரியாமல் என்ஜின்காரர் சற்று நேரம் தடுமாறினார். பிறகு கூட்டத்தோடு போய் உட்கார்ந்தார். பல வருடங்களுக்குப் பிறகு ஆட்டம் அவர் எதிரில் நடந்தது. இத்தனை வருடம் சத்தத்தை வைத்து அவர் மனதில் கட்டியிருந்த ஆட்டம் இதைவிடப் பெரியது. இவ்வளவு சின்னப் பந்துக்கா அவ்வளவு சத்தம் என்று இருந்தது. அக்கரை ஒரு கோல் போட்டது. பக்கத்திலிருந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். இக்கரை ஒன்றைத் திருப்பிப் போட்டது. அவனே எழுந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையை அசைத்தார். பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் பார்வை பந்தை விட்டுவிட்டு மூலையில் நிற்கும் முதுகில் போய் நின்றது. அவள் தலை குனிந்திருந்தது. நோயாளியின் நெற்றியில் கை வைத்திருக்கும்போது அவள் அப்படித்தான் குனிந்திருப்பாள்.

மறு பாதியில் வெயில் சாய்ந்தது. இக்கரையின் முன்கள ஆட்டக்காரன் இரண்டு பேரைத் தாண்டிவிட்டான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் கோல்காப்பாளன் ஒருவன்தான். இக்கரைக் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. அவன் காலை ஓங்கினான்.

அவள் கை மேலே போனது.

விசில் ஒலித்தது. ஓங்கிய கால் அப்படியே இறங்கியது. ஒரு மூச்சு நேரம் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். முன்கள ஆட்டக்காரனின் முகம் அழப்போகிறவன் முகமாக இருந்தது. அவன் குனிந்து பந்தை எடுத்தான். பந்து இருந்த பள்ளத்தில் ஒரு கண்ணாடித் துண்டுபோலத் தண்ணீர் மினுங்கியது. அவன் அதைப் பார்த்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தியபடி படகைப் பார்த்து ஓடினான்.

ஒன்றுக்கு ஒன்று. அப்படி முடிந்தால் அடுத்த முறை நீர் வற்றும்போது மறுபடி ஆடவேண்டும் என்பது வழக்கம். ஓடுகிற ஓட்டத்திலேயே அண்ணனும் இக்கரைத் தலைவனும் அடுத்த ஆட்டத்துக்கு யார் பந்து முதலில் என்று வாதாடிக்கொண்டு போனார்கள். கிரேன் இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடந்தான்.

அவளால் காலை எடுக்க முடியவில்லை. ஊறிய மணல் கணுக்காலைக் கவ்விப் பிடித்திருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. யாரையும் கூப்பிடாமல் தானே மல்லாடிக்கொண்டிருந்தாள். என்ஜின்காரர் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நொண்டிக்கொண்டு வந்தார். மூன்று கரைப் படகுகளிலிருந்தும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவளுக்கு முன்னால் மண்டியிட்டார். இரண்டு கைகளாலும் மணலை வாரி வாரி ஒதுக்கினார். முதலில் ஒரு காலை விடுவித்தார். பிறகு மற்றதை. தோளிலிருந்த துண்டால் பாதத்தைத் துடைத்தார். துடைத்தும் எழுந்திருக்கவில்லை. சில்லிட்டுப்போயிருந்த அந்தப் பாதத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திப் பிடித்து, குளிர் தன் கைக்கு ஏறும்வரை அப்படியே வைத்திருந்தார்.